குண்டனுக்குப் பின்னால் நடந்த பிள்ளை

ராமநாதபுரம் பஸ் நிலையத்துச் சுவரொட்டியில் குண்டனின் மூஞ்சியைப் பார்த்ததும் பூமயிலுக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை, ஆத்திரம். அதே உப்பிய கன்னம், தலைக்குப் பத்தாத அதே தொப்பி, அதே ஒட்டு மீசை. முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறாள். கீழே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: ஹாலிவுட்டின் ஆரம்ப கால நகைச்சுவைக் கம்பெனி ஒன்று எடுத்த விளம்பரக் குறும்படம், உலகில் மிச்சமிருக்கும் ஒரே பிரதி, புதுப்பிக்கப்பட்டுத் திரையிடப்படுகிறது, ஞாயிறு காலை பதினோரு மணி, கல்யாண மண்டபம், அனுமதி இலவசம். அதற்கும் கீழே, 'படச்சுருளைப் பாதுகாத்து வழங்கியவர் மருதுபாண்டி, தந்தை பொன்னுச்சாமியின் நினைவாக.'

"பாதுகாத்தானாம்ல, பாதுகாத்தான்!" என்றாள் சத்தமாக. பக்கத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தவர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து நகர்ந்து நின்றார்.

அந்தப் படச்சுருள் இருந்த தகரப்பெட்டி மழையில் போய்விட்டது என்று மருதுபாண்டி இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். முதல் தடவை அவள் தன் புருஷன் கூத்தையாவோடு போய்க் கேட்டபோது. இரண்டாம் தடவை தொண்ணூற்றொன்பதில், கூத்தையா படுத்த படுக்கையாகக் கிடந்து, "ஒருக்கா பிள்ளைய பாத்துட்டுப் போயிருதேன் பூமயிலு" என்று புலம்பியபோது, அவள் மட்டும் தனியாகப் போய் அவன் வீட்டு வாசலில் நின்று கெஞ்சியபோது. "அந்தப் பெட்டியா? அது எப்பயோ மழைத் தண்ணி புகுந்து மக்கிப்போச்சே" என்று வாய் கூசாமல் சொன்னான். கூத்தையா பிள்ளையைப் பார்க்காமலே கண்ணை மூடினான். பூமயில் கெஞ்சியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதையும் வீணாக்கிவிட்டான்.

கூத்தையா, பொன்னுச்சாமியின் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். ஏர்வாடி போகிற பாதையில், பனங்காட்டை ஒட்டி நின்ற கீற்றுக் கொட்டகை அது. அவன் மெஷினை ஓட்டுவான். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றுவதும், அறுந்த பிலிமைச் சுரண்டி ஒட்டுவதும் பூமயிலின் வேலை. பொம்பளை மெஷின் ரூமுக்குள் உட்கார்ந்திருப்பது வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று பொன்னுச்சாமி அந்தப் பக்கத்துத் தட்டியைச் சாத்தியே வைக்கச் சொல்லியிருந்தார். வேலை வாங்குவதில் மட்டும் கௌரவம் குறையவில்லை.

ஒரே படத்தை இரண்டு கொட்டகையில் ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் இங்கே வரவேண்டும். சைக்கிள் பஞ்சரானால் திரை வெள்ளையாக நிற்கும், ஜனம் மண்ணை வாரித் திரையில் எறியும். அந்த நேரத்தில் போடத்தான் கூத்தையா குண்டன் துண்டுப்படத்தை வைத்திருந்தான். அது கீழக்கரை வாவு முகம்மது கொடுத்தது. கொழும்பில் தியேட்டர் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அவர் வீட்டுப் பழைய மெஷினைக் கூத்தையா சரிசெய்து கொடுத்த சந்தோஷத்தில், இதை நீயே வச்சுக்க என்று பெட்டியோடு கையில் கொடுத்தார். முதலாளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"இது படம் இல்லப்பா, படத்துக்கு விளம்பரம்," என்று அப்போதே சொன்னார் வாவு முகம்மது. "கம்பெனிக்காரன் தியேட்டர்காரங்களுக்குச் சும்மா அனுப்புவான். எங்க ஆளுங்க இவங்கதான், இந்த வருசம் இவங்க படமா வரப்போகுதுன்னு காட்டுறதுக்கு. கடைசிப் பலகையில ஒரு இடம் காலியா கிடக்கும் பாரு, அதுல அவனவன் தியேட்டர் பேரை எழுதிக்கிறணும்."

படத்தில் ஒரு கம்பெனி வாசல். அதிலிருந்து மாறுகண்ணன் ஒருத்தன், பெரிய தொப்பி வைத்த பொம்பளை ஒருத்தி, நாய் ஒன்று, கடைசியாகக் குண்டன் என்று ஒவ்வொருவராக வருவார்கள். எல்லோரும் வரிசையாக ஒரே வாளியில் தடுக்கி விழுவார்கள், நாய் மட்டும் தாண்டிப்போகும். அப்புறம் குண்டன் ஒரு பலகையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கறுப்பு மதிலோரமாக நடப்பான். அந்தப் பலகைதான் கடைசியில் திரை முழுக்க வந்து நிற்கும். அவ்வளவுதான். மொத்தம் ஐந்து நிமிஷம். ஊமைப்படம் என்பதால் மேலே ஏதாவது இசைத்தட்டைப் போட்டு ஓட்டுவான் கூத்தையா.

ஜனத்துக்கு அது விளம்பரம் என்றே உறைக்கவில்லை, உறைத்தபோது அதைவிட மோசமாகிவிட்டது. வெள்ளைக்காரன் படம் வரும் என்கிறானே, எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் குண்டனைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருக்கும். இங்கே கடலை பிடுங்கிவிட்டு வந்து மண்தரையில் உட்கார்ந்த ஜனம் அவனுடைய அடுத்த படத்துக்குக் காத்திருந்தது. "தீபாவளிக்கு வந்துரும்" என்று பொன்னுச்சாமி கூச்சமே இல்லாமல் சொல்லுவார். எத்தனையோ தீபாவளி போனது. வராததை வரும் என்று சொல்லியே ஓட்டுவது அந்தக் குடும்பத்துக்கே கைவந்த கலை.

எழுபத்தாறில் ஒரு நாள் பொன்னுச்சாமி மெஷின் ரூமுக்கு வந்து, "அந்தக் காலிப் பலகையில என் பேரை எழுதுங்க" என்றார். கூத்தையாவின் விரல் தடிமனுக்கு அது ஆகாது. பூமயில்தான் மெல்லிய குச்சியில் கறுப்பு மை தொட்டு, பிலிமில் ஒவ்வொரு படக் கட்டமாக, 'பொன்னுச்சாமி டாக்கீஸ்' என்று எழுதினாள். பகலில் கொட்டகை காலியாகத்தான் கிடக்கும். பக்கத்திலேயே அவள் மகள் சேதுலட்சுமி, ஆறு வயது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி படத்துக்குள்ள போயிட்டாரு. நானும் போறேன்," என்றாள் பிள்ளை.

"எங்கடி போவ?"

"குண்டன்கூட. அங்கன அவன் பின்னாடி எடம் கெடக்குல்ல."

இடம் கிடக்கத்தான் செய்தது. குண்டனுக்குப் பின்னால் கறுப்பு மதில் வெறுமனே நீண்டு கிடந்தது. பூமயில் ஊசியை எடுத்தாள். கறுப்பில் கீறினால் திரையில் வெள்ளைக் கோடாக விழும் என்று அவளுக்குத் தெரியும். ரெட்டைச்சடை, பாவாடை, இரண்டு குச்சிக்கால். ஒரு கட்டத்தில் வலக்கால் முன்னே, அடுத்த சில கட்டம் தள்ளி இடக்கால் முன்னே. பிள்ளையைக் கொட்டகைக்குள் நடக்கவிட்டு, கால் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கீறினாள். இருநூற்று நாற்பது கட்டம். எட்டு நாள். திரையில் பத்து வினாடி. குண்டன் பலகையை இழுக்க, சேதுலட்சுமி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போவாள். மதில் முடிகிற இடத்தில் திரும்பி ஜனத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவாள்.

முதல் தடவை ஓட்டிய அன்று கொட்டகையே எழுந்து நின்றது. "ஏலே, கூத்தையா மக வருதுடா!" என்று சீட்டி பறந்தது. மண்தரையில் உட்கார்ந்திருந்த நிஜச் சேதுலட்சுமி வெட்கப்பட்டுத் தட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள்.

மறு வருஷம் ஐப்பசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய் ஸ்டுடியோவில் ஒரு போட்டோ பிடிக்கவேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், பிடிக்கவில்லை. அவள் முகம் எப்படி, சடை எப்படி, நடக்கும்போது கால் எப்படிப் போகும் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பத்து வினாடிதான். அதன்பின் சைக்கிள் சரியாக வந்தாலும் கூத்தையா தினம் அதை ஓட்டினான். முதலாளி திட்டினார். திட்டட்டும் என்று ஓட்டினான்.

எழுபத்தெட்டுப் புயலில் கொட்டகை படுத்தது. மழையோடு மழையாகக் கூத்தையா பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். அது பழைய ரகப் பிலிம், ஒரு பொறி பட்டால் குபீரென்று பற்றும். கூரை வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் எங்கே வைப்பது? பொன்னுச்சாமி வீட்டு நெல் குடோன் கல் கட்டடம். அங்கே வைத்தான். நம்பித்தான் வைத்தான். அந்த ஒரு தப்பைத்தான் அவன் சாகிறவரை சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூமயில் அக்காள்மடத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள், தங்கை வீட்டோடு இருக்கிறாள். இருந்த சேலையில் நல்லதைக் கட்டியிருந்தாள். மருதுபாண்டியை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்ற கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், முதலில் பிள்ளையைப் பார்த்துவிடலாம், கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மண்டப வாசலில் ரிப்பன் கட்டி வெட்டியிருந்தார்கள். கத்திரிக்கோல் பித்தளைத் தட்டில் அப்படியே கிடந்தது. பக்கத்து மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குண்டனின் ரீல், பெட்டிக்கு ரோஜா மாலை. பூமயில் குனிந்து பார்த்தாள். படத்தின் வால், கடைசிக் காட்சி இருக்கிற முனை, வெளியே இருந்தது. ஓட்டி முடித்தபின் யாரும் திருப்பிச் சுற்றி வைக்கவில்லை. ஊரே மெச்சுகிற பொக்கிஷமாம், திருப்பிச் சுற்றக்கூடத் துப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் மருதுபாண்டி வெள்ளைச் சட்டையில் பளபளத்தான். "எங்க அப்பா இந்தச் சுருளை உசுராப் பாதுகாத்தாங்க" என்றான். அடுத்து, சென்னையில் பழைய படங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் அமைப்பிலிருந்து வந்த சதக் என்ற இளைஞன் பேசினான். கீழக்கரைப் பையன், கண்ணாடி போட்டிருந்தான். இந்த மாதிரி விளம்பரத் துண்டுகளை யாருமே படமாக மதிக்கவில்லை, வேலை முடிந்ததும் குப்பையில் போட்டார்கள், அதனால்தான் முழுப்படங்களைவிட இவை அரிது என்றான். உண்மையாகத்தான் பேசினான். பூமயிலுக்கே அவனைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"ரொம்ப மோசமான நிலைமையில கிடைச்சது," என்றான் சதக். "கோடு, அழுக்கு, கறை. எல்லாத்தையும் கட்டம் கட்டமா சுத்தம் பண்ணியிருக்கோம். இப்ப நீங்க பார்க்கப்போறது அந்தக் கம்பெனி எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி."

விளக்கு அணைந்தது. மாறுகண்ணன் வந்தான், விழுந்தான். பொம்பளை விழுந்தாள். நாய் தாண்டியது. மண்டபம் சிரித்தது. பூமயிலும் சிரித்தாள், அவளை அறியாமல். படம் கண்ணாடி போல இருந்தது. குண்டன் பலகையை இழுத்துக்கொண்டு மதிலோரம் நடக்க ஆரம்பித்தான். பூமயில் தனக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

குண்டன் நடந்தான். தனியாக நடந்தான். அவனுக்குப் பின்னால் மதில், வெறும் கறுப்பு மதில், கழுவிவிட்டதுபோல. பத்து வினாடி. மதில் முடிந்தது. யாரும் திரும்பவில்லை, யாரும் கையாட்டவில்லை. பலகை திரை முழுக்க வந்து நின்றது. அதில் தெளிவாக, அவள் கையெழுத்தில், 'பொன்னுச்சாமி டாக்கீஸ்.'

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. மருதுபாண்டி எழுந்து கும்பிட்டான்.

"நிறுத்துங்க!" என்றாள் பூமயில்.

விளக்கு எரிந்தது. அவள் நடுவழியில் நின்றுகொண்டிருந்தாள். "பிள்ளை எங்க?"

"எந்தப் பிள்ளைம்மா?" என்றான் சதக்.

"குண்டன் பின்னாடி ஒரு பொம்பளைப் பிள்ளை நடந்துபோகுமே. ரெட்டைச்சடை. கடைசில கையாட்டும். அவ எங்க?"

சதக்கின் முகம் மலர்ந்துவிட்டது, பாவி. "ஓ, அதுவா! உங்களுக்குத் தெரியுமா? யாரோ ஊசியால கிறுக்கி வச்சிருந்தாங்கம்மா. அதை எடுக்கத்தான் எங்களுக்கு ஆறு வாரம் ஆச்சு. கொஞ்சம்கூடத் தடம் தெரியல பாத்தீங்களா?"

"கிறுக்கலா?" பூமயில் இன்னும் ஓரடி முன்னே வந்தாள். "மொதலாளி பேரை மட்டும் விட்டு வச்சிருக்கீக?"

"அது தியேட்டர் பேரும்மா. இந்தப் படம் இங்க ஓடினதுக்கு அதுதான் ஆதாரம், வரலாறு. சார் வேற அது அவசியம் இருக்கணும்னு கேட்டுக்கிட்டாரு..."

"அந்தப் பேரை எழுதுனவ நாந்தேன். இந்தக் கைதேன். அந்தப் பிள்ளையைக் கீறுனதும் இதே கைதேன். அவரு பேரு வரலாறு, எம்பிள்ளை அழுக்காலே?"

மருதுபாண்டி மேடையிலிருந்து இறங்கி வந்தான். "ஏ பூமயிலு, இங்கன வந்து என்ன ரகளை பண்ற? பெரிய மனுசங்க வந்திருக்காக. அப்பறம் வீட்டுப் பக்கம் வா, பேசிக்கிருவோம்."

"ஒன் வீட்டு வாசல்ல நின்னவதேன் நான். எம்புருசன் சாகக் கெடக்கான், ஒருக்கா பிள்ளையப் பாக்கணுங்கான்னு கெஞ்சுனப்ப என்னலே சொன்ன? மழையில மக்கிருச்சுன்னு சொன்னயே. மக்குனது இப்ப எப்படிய்யா மாலை போட்டு ஒக்காந்திருக்கு?"

சதக் மாறி மாறி இருவரையும் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்தது. "அம்மா, அது... அது உங்க மகளா? சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்தது எங்க கம்ப்யூட்டர்ல எங்கயாச்சும் இருக்கலாம். இடம் பத்தலன்னு கொஞ்சம் அழிச்சோம். தேடிப் பாக்கணும்."

"எம்பிள்ளையை நீங்க தேடிப் பாக்கணுமா?" என்றாள் பூமயில். "நீங்க தேட வேணாம். அவ எங்கன இருக்கான்னு எனக்குத் தெரியும்."

விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள், மாலை தரையில் விழுந்தது. வால் வெளியே இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. விரல் நுனியில் பிலிமைப் பிடித்து இழுத்தாள். 'பொன்னுச்சாமி டாக்கீஸ்' நீளநீளமாய் வந்து தரையில் சுருண்டது. அதை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கறுப்பு மதில் ஆரம்பித்ததும் விரல் தானாக நின்றது. வாசல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

இருந்தாள். கம்ப்யூட்டரில் துடைத்தவர்களால் பிலிமில் துடைக்க முடியவில்லை. ரெட்டைச்சடையும் பாவாடையும் குச்சிக்காலுமாக, தூக்கிய கையோடு, நகக்கண் அளவு சேதுலட்சுமி.

பூமயில் தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள்.

"அய்யோ அம்மா, வேண்டாம்!" சதக் ஓடிவந்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா இருக்கு! வேற எங்கயும் இல்ல!"

"எனக்கும் ஒண்ணுதேன் இருந்துச்சு," என்றாள் பூமயில். நறுக்கென்று வெட்டினாள்.

யாரும் கிட்டே வரவில்லை. அவள் முழம் முழமாக இழுத்து, வெயிலில் பார்த்து, குண்டன் மதிலோரம் காலெடுத்து வைக்கிற இடம் வந்ததும் இன்னொரு தடவை நறுக்கினாள். பதினைந்து அடித் துண்டு. கைக்கு அடக்கமாகச் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கத்திரிக்கோலைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"பொன்னுச்சாமி டாக்கீஸ் அங்கன தரையில கெடக்கு, எடுத்துக்க," என்றாள் மருதுபாண்டியிடம். பிறகு சதக்கிடம், "குண்டன், பொம்பளை, நாயி, வாளி எல்லாம் ஒங்களுக்கு. நீங்க வேணாம்னு தொடைச்சுப் போட்டதை மட்டுந்தேன் நான் எடுத்திருக்கேன். மிச்சத்தை ஒட்டிக்கங்க. ஒட்டத் தெரியுமா?"

"போலீசுக்குச் சொல்லுவேன்!" என்று மருதுபாண்டி கத்தினான்.

"சொல்லு. மழையில மக்கிப்போன பெட்டியப் பூமயிலு திருடிட்டான்னு எழுதிக் குடு."

சதக் குனிந்து, தரையில் கிடந்த பிலிமை மிதிபடாமல் எடுத்துச் சுற்றத் தொடங்கினான். அவன் தலை நிமிரவே இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மண்டபம் ஊரைத் தாண்டியதும் முன் சீட்டுக்காரர் பீடியை எடுத்துத் தீக்குச்சியை உரசினார். "ஏய்யா, அணைய்யா அதை!" என்று பூமயில் போட்ட சத்தத்தில் கண்டக்டர் ஓடிவந்தார். "என்னாத்தா?" "எம்பிள்ளை இங்கன இருக்கு," என்றாள் அவள். கண்டக்டர் அவள் மடியைப் பார்த்தார், பக்கத்து சீட்டைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் பீடிக்காரரை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பாம்பன் பாலத்தில் வெளிச்சம் இரண்டு பக்கமும் கடலிலிருந்து அடித்தது. பூமயில் முடிச்சை அவிழ்த்து, துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து, கட்டம் கட்டமாக எண்ணினாள். வலக்கால். இடக்கால். ஒரு கட்டத்தில் ஊசி வழுக்கி ஒரு சடை நீண்டுபோயிருந்தது, அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருநூற்று முப்பத்தொன்பது வந்தது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். அதே இருநூற்று முப்பத்தொன்பது. வெட்டிய அவசரத்தில் ஒரு கட்டம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது, பிள்ளை முதல் காலெடுத்து வைக்கிற கட்டம்.

மறுபடி ஆத்திரம் பொங்கியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போகலாமா என்று எழுந்தேவிட்டாள். அப்புறம் உட்கார்ந்தாள். இருக்கட்டும். அங்கேயே நிற்கட்டும். இனி எந்தத் தேசத்தில் எந்தப் பெரிய மனுஷன் அந்தச் சுருளை ஓட்டினாலும், குண்டன் நடக்கத் தொடங்குகிற இடத்தில், கண் இமைப்பதற்குள், ரெட்டைச்சடை போட்ட ஒரு பிள்ளை கூத்தையா மகளாக அவன் பின்னால் நிற்கும்.

"இப்ப தொடைங்கலே, பாப்போம்," என்று சொல்லிக்கொண்டே துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.